நாளொழுங்கும் மனநலமும்

1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் தேதி, புனே நகரிலுள்ள ஆகாகான் மாளிகையில் சிறு நூல் ஒன்று எழுதத் தொடங்கப்பெற்றது. எழுதியவர் காந்தியடிகள். நூலின் பொருள் அரசியல் அன்று, உடல்நலம். மனிதன் நலமாக வாழக் காற்று, நீர், உணவு, சூரிய ஒளி ஆகியவற்றை எவ்வாறு பயன்படுத்தவேண்டும் என்பதை அவர் குஜராத்தி மொழியில் எளிய நடையில் எழுதிவந்தார். டிசம்பர் 18ஆம் தேதி அந்நூல் முற்றுப்பெற்றது.

அந்நாளில் அம்மாளிகை ஒரு சிறைச்சாலை. 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை அடுத்து ஆகஸ்டு 9ஆம் தேதி பம்பாயில் கைதான காந்தியடிகள் அங்குக் காவலில் வைக்கப்பட்டிருந்தார். ஆகஸ்டு 15ஆம் தேதி காலையில், அவருடைய செயலாளரும் 1917 முதல் அவருடனேயே வாழ்ந்தவருமான மகாதேவ் தேசாய் திடீரென உயிர் நீத்தார். அவருக்கு வயது 50. மாளிகையின் வளாகத்திலேயே உடல் எரியூட்டப்பெற்றது. இத்துயர் நேர்ந்த பதின்மூன்றாம் நாள்தான் மேற்சொன்ன நூல் தொடங்கப்பெற்ற நாள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அக்காவலில் இருந்தோர் எந்நாளில் விடுதலை பெறுவோம் என்பதை அறியார். எனினும் அவர்களுடைய நாள் ஒழுங்கற்றுக் கழியவில்லை. விடியுமுன் எழுதல், பிரார்த்தனை, உலாவுதல், நூற்றல், குறித்த வேளையில் உணவு, படிப்பு, எழுத்து, மீண்டும் மாலையில் உலாவுதல், பிரார்த்தனை, உறக்கம் என்று நாள் வகுக்கப்பெற்றிருந்தது. துயரத்திற்கும் அதில் ஓர் இடம் இருந்தது. உலாவச் செல்லும் வேளையில் மகாதேவரின் சமாதிக்குச் சென்று மலரிட்டு வருவது வழக்கமாயிற்று. எழுபது வயதைக் கடந்த காந்தியடிகள், ஏறத்தாழ அதே வயதினராகிய கஸ்தூர்பாவுக்குக் குஜராத்தியும் பூகோளமும் கற்பித்தார்.

புனே நகரில் இவ்வாறு நாளை வகுத்துக்கொண்டது அவருக்குப் புதிதன்று. 1922 முதல் 1924இன் தொடக்கம் வரையிலும், 1930 மே முதல் 1931 ஜனவரி வரையிலும், 1932 ஜனவரி முதல் 1933 மே வரையிலும் அவர் அந்நகரின் எரவாடாச் சிறையில் இருந்தவர். 1930இல் அங்கிருந்து வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை ஆசிரமத்தாருக்கு ஒரு கடிதம் எழுதிவந்தார். 1932இல் அவருடன் இருந்த வல்லபாய் பட்டேல் பழைய காகிதங்களைக் கொண்டு கடித உறைகள் செய்தார், சமஸ்கிருதம் கற்றார். பெட்டியில் மடக்கி வைக்கத்தக்க 'எரவாடா சர்க்கா' என்னும் இராட்டை இச்சிறையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மனம் நன்றாக இருந்தால்தான் நாளை ஒழுங்காகக் கழிக்க இயலும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். இதன் மறுதலையும் உண்மை என்பதை, அதாவது நாளை ஒழுங்காகக் கழிப்பதே மனத்தைத் தாங்கும் தூண்களுள் ஒன்று என்பதைக் கடந்த அறுபது ஆண்டுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அதன் காரணங்களையும், அதனை நம் வாழ்வில் எவ்வாறு கைக்கொள்வது என்பதையும், அதன் எல்லையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயல் முந்தியதா, மனம் முந்தியதா?

மனச்சோர்வு உற்ற ஒருவரின் நடத்தையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு சுழல் புலப்படும். முதலில் மனம் தளர்கிறது. தளர்வினால் அவர் தமக்கு விருப்பமான செயல்களைக் கைவிடுகிறார், நண்பர்களைச் சந்திப்பதில்லை, வேலையைத் தள்ளிப்போடுகிறார். செயல்கள் குறையவே, அவற்றால் வரும் சிறு மகிழ்ச்சிகளும், ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற நிறைவும் குறைகின்றன. அதனால் மனம் மேலும் தளர்கிறது. இவ்வாறு காரணமும் காரியமும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே செல்கின்றன.

அமெரிக்காவில் ஆரெகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் லூயின்சோன் என்னும் உளவியலார் 1970க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் இச்சுழலை விளக்கினார். சுழலை எந்த இடத்தில் அறுப்பது? 'மகிழ்ச்சியாக இரு' என்று மனத்திற்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. ஆனால் கையையும் காலையும் ஓரளவு ஏவ முடியும். ஆகவே, மனம் தெளியும்வரை காத்திராமல், பயனுள்ள சிறு செயல்களைக் காலம் குறித்துச் செய்யத் தொடங்கினால் மனம் பின்தொடர்ந்து வரும் என்பது இம்முறையின் அடிப்படை. இதனைச் 'செயலூக்க முறை' எனலாம்.

நம் நாட்டிலும் இம்முறை சோதிக்கப்பட்டது. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களுள் கடும் மனச்சோர்வு உற்ற 495 பேர் இச்சோதனையிற் பங்குகொண்டனர். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை சற்று மேம்படுத்தி அளிக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு அதனுடன் ஆறு முதல் எட்டு முறை ஆலோசனையும் வழங்கப்பட்டது. ஆலோசகர்கள் மருத்துவர்கள் அல்லர். அவ்வட்டாரத்து மக்களிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்றப்பெற்ற சாதாரண மனிதர்கள். நாளை எவ்வாறு வகுப்பது, கைவிட்ட செயல்களுள் எதனை முதலில் மீண்டும் தொடங்குவது என்பனவே அவர்கள் பேசியவற்றின் சாரம். மூன்று மாதங்களுக்குப் பின் பார்த்தபொழுது, ஆலோசனை பெற்றவருள் 100க்கு 64 பேரும், பெறாதவருள் 100க்கு 39 பேரும் நோயின் பிடியிலிருந்து தணிந்திருந்தனர். இம்முடிவு 2017ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இராட்டையும் காகித உறையும் சிறையில் ஆற்றிய பணி இதிலிருந்து விளங்கும். நூற்றல் சிறிய செயல், குறித்த நேரத்திற்குரியது, இன்று எத்தனை கெஜம் நூல் வந்தது என்று கண்ணால் கண்டு அளக்கத்தக்கது. வெளியுலகில் எதனையும் மாற்ற இயலாத நிலையிலும், தம் கையால் ஒன்று உருப்பெற்றது என்னும் நிறைவை அது நாள்தோறும் அளித்தது. சிறையில் பெரும்பாலான முடிவுகள் பிறரால் செய்யப்படுகின்றன. அங்கே தாமே வகுத்துக்கொண்ட ஒரு மணி நேரமும் மனத்திற்கு ஊன்றுகோலாகும்.

உடலினுள் இயங்கும் கடிகாரம்

நாளொழுங்கின் பயனுக்கு மற்றொரு காரணம் நம் உடலின் அமைப்பிலேயே உள்ளது. 1729ஆம் ஆண்டு தெ மெய்ரான் என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர் தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் படாதிருந்தும் அதன் இலைகள் பகலில் விரிந்தும் இரவில் குவிந்தும் வந்தன. காலத்தை அறியும் ஆற்றல் செடியினுள்ளேயே இருப்பதை இது உணர்த்தியது.

மனிதனிடத்தும் இவ்வாற்றல் உண்டா என்பதைச் சோதிக்க, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்னும் ஊருக்கு அருகே நிலவறை ஒன்று அமைக்கப்பட்டது. கடிகாரமும் பகலொளியும் இல்லாத அவ்வறையில் பலர் வாரக்கணக்கில் தங்கினர். அப்பொழுதும் அவர்கள் ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை உறங்கி விழித்தனர். ஆயினும் அவர்களுடைய நாள் 24 மணியினும் சற்று நீண்டிருந்தது. தமிழ்நாட்டிலும் இத்தகைய சோதனைகள் நடந்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் நாள்வட்டத்தை ஆராய்ந்ததோடு, மனிதர்களைத் தனியறையில் தங்கச்செய்து ஆராயும் வசதியையும் ஏற்படுத்தினார். 1999இல் அமெரிக்காவில் மேலும் நுட்பமாகக் கணித்தபொழுது, மனிதனின் உட்கடிகாரம் ஒரு சுற்றுக்குச் சராசரி 24 மணி 11 நிமிடம் எடுத்துக்கொள்வதாகத் தெரியவந்தது. இக்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களிற் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இக்கடிகாரத்தின் தலைமையிடம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே உள்ளது. ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்ட சிறு தொகுதி அது. உறக்கம், உடல் வெப்பம், பசி, சுரப்பிகளின் வேலை ஆகிய அனைத்தும் அதன் தாளத்திற்கு இசைந்து நடக்கின்றன. ஆனால் அது நாள்தோறும் சில நிமிடங்கள் பிந்தும் கடிகாரம் ஆதலின், நாள்தோறும் அதனைத் திருத்தி வைத்தாகவேண்டும். திருத்துவது எது? முதலாவதாக, காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பொருள்களைப் பார்ப்பதற்கு உதவும் அணுக்களேயன்றி, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணர்ந்து இக்கடிகாரத்திற்கு அறிவிக்கும் தனி அணுக்களும் உள்ளன. அடுத்தபடியாக, உணவு வேளையும், உடலுழைப்பும், பிறருடன் பழகும் நேரமும் உடலின் தாளத்திற்குத் துணை செய்கின்றன.

இவை நாளுக்கு நாள் மாறினால் உடலின் பல்வேறு உறுப்புகள் வெவ்வேறு தாளத்தில் இயங்கத் தொடங்குகின்றன. உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டால் கவலையும் எரிச்சலும் மிகுகின்றன. மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோயில் இத்தொடர்பு மிகத் தெளிவாகக் காணப்படுகிறது. அந்நோயாளிகளுக்கு மருந்துடன் கூட, எழும் நேரம், உண்ணும் நேரம், பிறரைச் சந்திக்கும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றைச் சீராக வைத்துக்கொள்ளப் பயிற்றுவதே ஒரு சிகிச்சை முறையாக வளர்ந்துள்ளது.

நாளை நிறுத்தும் ஆறு முளைகள்

கூடாரம் காற்றில் பறவாதிருக்க நாற்புறமும் முளையடிப்பது போல, நாளுக்கும் சில முளைகள் போதும். நிமிடக் கணக்கில் அட்டவணை எழுதுவோர் மூன்றாம் நாளே அதனைக் கைவிடுவதைக் காண்கிறோம். கீழ்க்கண்ட ஆறும் நிலையாக இருந்தால் இடைப்பட்ட நேரம் எவ்வாறு சென்றாலும் குற்றமில்லை.

முதலாவது, எழும் நேரம். உறங்கும் நேரத்தை நாம் கட்டளையிட்டு வரவழைக்க இயலாது. எழும் நேரத்தைக் குறிப்பிட இயலும். இரவு உறக்கம் தவறியிருந்தாலும் மறுநாள் அதே நேரத்தில் எழுவதே நலம்; அன்றிரவு உறக்கம் தானே விரைந்து வரும். விடுமுறை நாளிலும் ஒரு மணிக்கு மேல் மாறாதிருத்தல் நன்று.

இரண்டாவது, வெளிச்சமும் நடையும். வீட்டினுள் விளக்கொளி சில நூறு லக்ஸ் அளவே இருக்கும். வெளியிலோ, மழைமேகம் கவிந்த நாளிலும் பல்லாயிரம் லக்ஸ் ஒளி உண்டு. ஆகவே ஜன்னலோரத்தில் அமர்வதைவிட வெளியே அரை மணி நேரம் நடப்பது கடிகாரத்தைத் திருத்துவதற்கு மிகவும் ஏற்றது. புனேயில் பார்வதிக் குன்றின் படிகளிலும், வேதாள் டேக்டி முதலிய குன்றுகளிலும் காலையில் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்குவோர் இப்பயனை அறிந்தோ அறியாமலோ பெற்று வருகின்றனர். புனே சென்னைக்கு மேற்கே இருப்பதால் அங்குக் கதிரவன் சராசரி 25 நிமிடம் பிந்தி உதிக்கிறது. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 6 மணிக்கும், ஜனவரியில் 7 மணி கடந்தும் உதயமாகும். ஆதலின் தமிழகத்திலிருந்து சென்று அங்கு வாழ்வோர் இருட்டில் எழுந்து நடந்து திரும்பிவிடாமல், கதிரவன் எழுந்தபின் சிறிது நேரமேனும் வெளியில் இருப்பது நன்று. உடலுழைப்பு மனச்சோர்வைத் தணிப்பதும் சோதனைகளால் அறியப்பட்டதே. உலகச் சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்கு வாரம் 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டுமென 2020இல் அறிவுறுத்தியது.

மூன்றாவது, உணவு வேளை. என்ன உண்கிறோம் என்பதோடு எப்பொழுது உண்கிறோம் என்பதும் முக்கியமாகும். மனம் தளர்ந்தோர் முதலில் தவறவிடுவது காலை உணவு. பின்னர் இரவு வெகுநேரம் கழித்து உண்கின்றனர். மூன்று வேளையையும் ஏறத்தாழ நிலையாக வைத்துக்கொள்ளவேண்டும். காப்பி, தேநீர் ஆகியவற்றிலுள்ள கபீன் என்னும் பொருளிற் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு அருந்திய காப்பியின் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கிறது. ஆதலின் பிற்பகலுக்குப் பின் அவற்றை நிறுத்துதல் நன்று.

நான்காவது, கையால் செய்து முடிக்கத்தக்க ஒரு வேலை. செடிக்கு நீர் வார்த்தல், துணி மடித்தல், தைத்தல், ஒரு பக்கம் எழுதுதல், ஒரு பாடம் கற்றல் என எதுவும் ஆகலாம். அது சிறியதாக இருக்கவேண்டும். முடிந்ததா இல்லையா என்பது ஐயமின்றித் தெரியவேண்டும். பிறர் பாராட்டைச் சார்ந்திருத்தல் கூடாது.

ஐந்தாவது, ஒருவருடன் பேச்சு. தனிமையை நாடுவது மனச்சோர்வின் இயல்பு. தனிமையோ அச்சோர்வை வளர்க்கும். நாளுக்கு ஒருமுறை, வேலையின் பொருட்டன்றி, ஒருவருடன் முகம் பார்த்தோ தொலைபேசியிலோ பேசும் நேரம் இருத்தல் வேண்டும். ஆகாகான் மாளிகையில் பாடமும், கூட்டுப் பிரார்த்தனையும், கஸ்தூர்பா விரும்பி ஆடிய காரம் ஆட்டமும் இத்தேவையை நிறைவேற்றின எனலாம்.

ஆறாவது, உறக்கத்திற்கு முந்திய ஒரு மணி நேரம். வயதுவந்தோருக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை. இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலடோனின் என்னும் சுரப்புநீரை வெளிவிட்டு, இரவு வந்ததென உடலுக்கு அறிவிக்கிறது. கண்ணுக்கு அருகில் ஒளிரும் கைப்பேசித் திரை இவ்வறிவிப்பைத் தாமதப்படுத்தக்கூடும். அதில் வரும் செய்திகள் மனத்தைக் கிளறுவது மற்றொரு கேடு. விளக்கைத் தணித்து, கைப்பேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் எளிய தற்காப்பாகும்.

இவ்வொரு மணியில் மெதுவான மூச்சுப் பயிற்சியும் செய்யலாம். புனே மாவட்டத்திலுள்ள லோணாவளாவில் 1924ஆம் ஆண்டு சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளால் உடலில் நேரும் மாறுதல்களைக் கருவிகளைக் கொண்டு அளக்கத் தொடங்கினார். அம்முடிவுகளை வெளியிட 'யோக மீமாம்ஸா' என்னும் பத்திரிகையையும் நடத்தினார். நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறை என்ற அளவில் மூச்சை மெதுவாக இழுத்து விடும்பொழுது, உடலைத் தணித்து அமைதிப்படுத்தும் நரம்புத் தொகுதி ஊக்கம் பெறுவதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஐந்து நிமிடம் போதும்.

பழக்கம் வேரூன்றும் காலம்

ஒழுங்கை ஏற்படுத்துவது எளிது, நிலைநிறுத்துவதே அரிது. இலண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புதிய செயல் ஒன்று சிந்தியாமலே செய்யும் பழக்கமாவதற்கு நடுத்தர அளவில் 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களிலும், சிலருக்கு 254 நாட்கள்வரை ஆகலாம் என்ற மதிப்பிலும் அது வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதும் தடைப்படவில்லை என்பதும் அதிற் கண்ட உண்மை. ஆகவே ஒருநாள் தவறியதும் 'இனி நம்மால் ஆகாது' என்று கைவிடுதல் அறிவுடைமை அன்று.

முதல் வாரத்தில் எழும் நேரத்தை மட்டும் நிலைப்படுத்துக. இரண்டாம் வாரத்தில் வெளிச்சத்தையும் நடையையும் சேர்க்க. அதன்பின் வாரத்திற்கு ஒன்றாக ஏனையவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். புதிய செயலை முன்னரே உள்ள ஒரு பழக்கத்துடன் பிணைத்தல் நன்மை தரும். பல் துலக்கியதும் வெளியே செல்வது, மாலைத் தேநீர் அருந்தியதும் ஒருவருடன் பேசுவது என்பன போல. சிறு குறிப்பேட்டில் ஆறு கட்டங்கள் வரைந்து, செய்தவற்றிற்கு மட்டும் ஒரு கோடு இடுக. செய்யாதவற்றிற்குக் குறியிட வேண்டுவதில்லை. குறிப்பேடு குற்றப்பத்திரிகை ஆகிவிடக்கூடாது.

மனம் மிகத் தளர்ந்த நாளுக்கென்று ஒரு குறுகிய ஒழுங்கை முன்கூட்டியே வகுத்து வைத்துக்கொள்வதும் சாலச் சிறந்தது. அரை மணி நடைக்குப் பதிலாக வாயிற்படிவரை சென்று ஐந்து நிமிடம் நிற்றல், சமைத்த உணவுக்குப் பதிலாக ஒரு வாழைப்பழமும் பாலும், உரையாடலுக்குப் பதிலாக ஒரு சொற்செய்தி. இத்தகைய நாட்களில் அளவு குறையலாம். நேரம் மாறாதிருப்பதே போதும்.

நேரம் தம் கையில் இல்லாதவர்கள்

பிம்ப்ரி சிஞ்ச்வட் வட்டாரத் தொழிற்சாலைகளில் முறைவேலை செய்வோரும், இஞ்ஜவடியின் மென்பொருள் நிலையங்களில் அயல்நாட்டு நேரத்திற்கேற்ப இரவில் உழைப்போரும் கதிரவனோடு எழுவது எங்ஙனம் என வினவக்கூடும். வினா நியாயமானதே. அவர்கள் கடிகார மணியைக் காட்டிலும் வரிசையை நிலையாக வைத்துக்கொள்ளலாம். எழுந்ததும் வெளிச்சம், பின் உணவு, பின் வேலை என்பது எந்நேரத்தில் எழுந்தாலும் பொருந்தும். இரவு வேலை முடிந்து திரும்புகையில் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும், உறங்கும் அறைக்குக் கனத்த திரையும் உதவும். முறை மாறும்பொழுது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாறுவதே உடலுக்கு எளிது; நிர்வாகத்தார் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

கைக்குழந்தையையோ நோயாளியையோ பேணும் பெண்களுக்கு நாள் முழுவதும் பிறருடைய ஒழுங்காகவே கழிகிறது. அவர்களிடம் 'உங்களுக்கென நேரம் ஒதுக்குங்கள்' என்று கூறுவதாற் பயனில்லை; அந்நேரத்தில் வீட்டு வேலையை ஏற்பவர் ஒருவர் வேண்டும். ஆதலின் இவ்விடத்தில் அறிவுரை கூறப்படவேண்டியவர்கள் குடும்பத்தின் ஏனைய உறுப்பினர்களே. நாள்தோறும் அரை மணி நேரம் பொறுப்பை ஏற்றுக்கொள்வது, அப்பெண்ணின் மனநலத்திற்கு அவர்கள் அளிக்கும் மருந்தாகும்.

நாளொழுங்கின் எல்லை

ஆகாகான் மாளிகையின் வரலாறு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி கஸ்தூர்பா அங்கேயே காலமானார். மகாதேவரின் சமாதிக்கு அருகில் அவருக்கும் சமாதி அமைந்தது. காந்தியடிகள் மே 6ஆம் தேதி விடுதலையானபொழுது உடல் நலிந்திருந்தார். ஒழுங்கான வாழ்வு நோயையும் மரணத்தையும் தடுக்கவில்லை. துயரத்தைத் துடைக்கவும் இல்லை. துயரத்தினூடே ஒரு நாளிலிருந்து மறுநாளுக்குச் செல்லும் பாதையாக மட்டுமே அது இருந்தது. அவர் அங்கு எழுதிய நூலிற் கூறியவை அனைத்தையும் இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை என்பதையும் கூறுதல் கடமை. மண் பூச்சையும் நீர்ச் சிகிச்சையையும் நோய்களுக்கு மாற்றாகக் கொள்ளுதல் கூடாது. அவ்வாறே நாளொழுங்கையும் சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்ளுதல் கூடாது.

இரண்டு வாரங்களுக்கு மேலாக மனச்சோர்வோ எதிலும் விருப்பமின்மையோ நீடித்தல், உறக்கமும் பசியும் கெடுதல், அன்றாட வேலை தடைப்படுதல், வாழ்வே வேண்டாமென எண்ணுதல் ஆகியவை மருத்துவ உதவி தேவை என்பதன் அறிகுறிகள். கடைசியாகக் கூறியது தோன்றின் ஒருநாளும் தாமதிக்கலாகாது. அவரைத் தனியே விடுதலும் ஆகாது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோருள் 100க்கு ஏறத்தாழ 10 அல்லது 11 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் இருந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள். வெட்கமும் அறியாமையும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும்.

மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய 'டெலிமானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மராத்தியிலும் பேசலாம். புனேயில் எரவாடாவிலுள்ள வட்டார மனநல மருத்துவமனையும், சென்னையில் கீழ்ப்பாக்கத்திலுள்ள மனநல மருத்துவ நிலையமும் அரசினரால் நடத்தப்பெறுகின்றன. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரை அணுகலாம்.

உற்றார் உறவினர்க்கு ஒரு சொல். 'நேரத்தோடு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நோயாளியைக் கடிந்துகொள்ளுதல் தவறு. எழ இயலாமையே அந்நோயின் குறிகளுள் ஒன்று; கால் முறிந்தவரை நடக்கவில்லையென ஏசுவாரில்லை. கடிந்துரைப்பதற்குப் பதிலாக, காலையில் அவருடன் தாமும் வாயில்வரை சென்று நிற்பதும், உணவு வேளையில் அருகில் அமர்வதும், மருத்துவரிடம் உடன் செல்வதும் உதவியாகும். ஆறு முளைகளுள் எதையும் தாமே அடிக்க இயலாதவருக்கு, முதல் முளையை மற்றொருவர் அடித்துக் கொடுக்கலாம். அம்முதல் முளை ஊன்றினால் இரண்டாவதை அவர் தம் கையாலேயே ஊன்றுவார் என எதிர்பார்க்க இடமுண்டு.